முதுகில் போடும் கீமோ ஊசி: எங்கள் வீட்டு அனுபவம்

என் மகளுக்கு அஞ்சு வயசு. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல்.னு ஒரு வகை. கையில் கீமோ ஏறும்போதே முதுகிலும் ஊசி போடணும்னு சொன்னப்போ பதறிட்டேன். ரத்தத்தில் ஏற்றுற மருந்து மூளைக்குள்ள சரியா நுழையாது, நோய் செல்கள் அங்கே ஒளிஞ்சுக்கும், முதுகுத்தண்டைச் சுற்றியும் மூளையைச் சுற்றியும் இருக்கறது ஒரே நீர், அதனால கீழே போட்டா மேலே போய்ச் சேரும்னு டாக்டர் பொறுமையா விளக்கினார்.

மயக்கம் கொடுத்து, இறால் மாதிரி சுருட்டிப் படுக்க வச்சாங்க. ஊசி வழியா நீர் சொட்டுச் சொட்டா விழுந்தது, அவ்வளவு தெளிவு. அப்புறம் மஞ்சளா மெத்தோட்ரெக்ஸேட்ங்கற கீமோ மருந்து, 12 மில்லிகிராம்.

மூணு ஊசி வரை தலைவலியோட போச்சு. நாலாவது போட்டு ஒன்பதாம் நாள் காலையில, அவ கையிலிருந்து இட்லித் துண்டு நழுவி விழுந்தது. எடுக்கப் போனா, விரல் மடங்கல. வாய் ஒரு பக்கம் கோணிடுச்சு. என்னைப் பார்க்கிறா, பேச்சு வரல. தூக்கிட்டு ஓடினோம். ஸ்கேன் பார்த்துட்டு, இந்த மருந்தாலதான், பக்கவாதம் மாதிரியே இருக்கும், பெரும்பாலும் சரியாகிடும்னாங்க. மறுநாள் சாயங்காலம் "அம்மா"ன்னு கூப்பிட்டா. ரெண்டு வாரத்துக்குள்ள இப்படி வரலாம்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல.

*

அக்கா, நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டு நர்ஸ். சொல்லாம விட்டது தப்புதான். எங்களுக்கு இதைவிடப் பெரிய பயம் வின்கிறிஸ்டின். அதே பிள்ளைகளுக்கு ரத்தக் குழாயில் மட்டும் போடுற கீமோ மருந்து. தவறி முதுகில் போயிட்டா பிழைக்கிறது ரொம்ப அபூர்வம். 2001ல் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில், 18 வயசுப் பையன் அப்படித்தான் இறந்தான். சிரிஞ்சில் இருந்தா முதுகு ஊசியில் மாட்டிடலாம், பையில் இருந்தா அந்தக் கை மாறாட்டம் நடக்காது. அதனாலதான் சின்னப் பையில் கலந்து ஏத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2007ல் சொன்னது. முதுகு ஊசி போடுற அறைக்குள்ள நாங்க வின்கிறிஸ்டினைக் கொண்டு வரவே மாட்டோம். மருந்துப் பேர், அளவு, எந்த வழி, மூணையும் ரெண்டு பேர் வாய்விட்டுப் படிப்போம். உங்க காதுபடப் படிக்கச் சொல்லுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

*

போன வாரம் கேட்டேன் தங்கச்சி. படிச்சாங்க. மயக்கத்துக்கு முன்னாடி அவளும் கூடவே சொன்னா: "மெத்தோ, பன்னெண்டு, முதுகுல."