புதுப்பிப்பு: மைசூர்பாகும் அட்டைப்பெட்டியின் எடையும்

எங்கள் தெருமுனை இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியையும் சேர்த்து எடைபோட்டு மைசூர்பாகின் விலையை வாங்குகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பிறகு என்னவாயிற்று என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பலர் சொன்னபடி தொழிலாளர் துறைக்குப் புகார் அனுப்பினேன். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் செயல்படுத்துவது அத்துறைதான். வந்து பார்த்த அலுவலர் மின்னணுத் தராசில் குறை காணவில்லை. ஆண்டுதோறும் இட வேண்டிய முத்திரையும் சரியாகவே இருந்தது. காலிப்பெட்டியைத் தட்டில் வைத்து எடையைப் பூஜ்ஜியமாக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தத்தான் அங்கு எவருக்கும் மனம் வருவதில்லை. கிலோ 600 ரூபாய்க்கு விற்கும் இனிப்போடு 70 கிராம் அட்டையும் நிறுக்கப்பட்டால், அந்த அட்டைக்கு மட்டும் நாம் 42 ரூபாய் கொடுக்கிறோம்.

“எல்லாக் கடையிலும் இப்படித்தானே சார்” என்றார் உரிமையாளர், சற்றும் கூசாமல். இப்போது, கேட்பவர்களுக்கு மட்டும் பெட்டியின் எடையைக் கழிக்கிறார்கள். கேட்காதவர்களுக்குப் பழைய கணக்குத்தான். எங்கள் குடியிருப்பினர் தீபாவளிக்கு மொத்தமாகக் கொடுக்கும் ஆர்டர் இம்முறை வேறு கடைக்குப் போய்விட்டது.