புரோக்மெயிலைத் தொடரலாமா, சீவுக்கு மாறலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் லினக்ஸ் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலைப் பெற்றுப் புரோக்மெயிலிடம் ஒப்படைக்கிறது. அது விதிகளின்படி பிரித்து மெயில்டிர் கோப்புறைகளில் சேர்க்க, பயனர்கள் டவ்காட் வழியாக ஐமேப்பில் படிக்கிறார்கள். புதிய சர்வருக்கு மாறும் இவ்வேளையில் புரோக்மெயிலையே தொடரலாமா, அதே வேலையைச் செய்யும் மெயில்டிராப் நிரலுக்கோ, அஞ்சல் பிரிக்கும் விதிகளை எழுதும் மொழியான சீவுக்கோ மாறுவது நல்லதா? விதிகளில் பெரும்பாலானவை மடற்குழு அஞ்சல்களைப் பிரிப்பவை. சில மட்டும் அஞ்சலை வெளி நிரலுக்கு அனுப்புகின்றன. எதற்கு மாறினாலும் ஓர் அஞ்சல்கூடத் தொலையக் கூடாது.

முதல் பதில்:
டவ்காட் ஏற்கெனவே இயங்குவதால், சீவ் விதிகளை இயக்கும் அதன் பிஜன்ஹோல் நீட்சியைச் சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸிலிருந்து எல்எம்டிபி என்ற அஞ்சல் ஒப்படைப்பு நெறிமுறை வழியாக டவ்காட்டிடம் அஞ்சலை ஒப்படைப்பதையே பரிந்துரைக்கிறேன். புரோக்மெயிலின் 3.22 பதிப்பு 2001இல் வந்தது. அதன்பின் நெடுங்காலம் புதிய பதிப்பே இல்லை. அதைப் பராமரித்தவரே 2014இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து அதை நீக்கிவிடும்படி கூறினார். 2022இல் 3.24 வெளிவந்தது உண்மைதான். ஆனாலும் புதிதாக அமைக்கும் சர்வரில் அதை நான் நிறுவ மாட்டேன்.

அஞ்சல் தொலையக் கூடாது என்றால், விதி தவறாக இருக்கும்போது அஞ்சல் எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சீவில் எந்த விதியும் பொருந்தாவிட்டால் அஞ்சல் இன்பாக்ஸில் சேரும். விதிக்கோப்பில் பிழை இருந்தாலும் பிஜன்ஹோல் அஞ்சலை இன்பாக்ஸில் சேர்த்துவிட்டு, பிழையைத் தனிப் பதிவுக்கோப்பில் எழுதி வைக்கும். சீவ் மொழியில் கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் சுழற்சி (லூப்) இல்லை, வெளி நிரலை இயக்கும் வசதியும் இயல்பாக இல்லை. ஆகவே பயனர்களுக்கு ஷெல் கணக்குத் தராமலேயே, 4190ஆம் போர்ட்டில் இயங்கும் மேனேஜ்சீவ் என்ற விதி மேலாண்மை நெறிமுறை மூலம் அவரவர் விதிகளை அவரவரே எழுத விடலாம்.

இரண்டாம் பதில்:
மெயில்டிராப்பையும் எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். அது விதிக்கோப்பு முழுவதையும் படித்து, இலக்கணம் சரியாக இருந்தால் மட்டுமே அஞ்சலைத் தொடும்; பிழை இருந்தால் தற்காலிகத் தோல்வி என்று அறிவித்து வெளியேறும். போஸ்ட்ஃபிக்ஸ் அந்த அஞ்சலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். இயல்பமைப்பில் இதற்கான வரம்பு 5 நாட்கள் என்பதால், பதிவுகளைக் கவனிப்பவர் இருக்க வேண்டும். புரோக்மெயிலோ பிழையான வரியைத் தாண்டி மேலே சென்றுவிடும். டவ்காட் இல்லாத சர்வரில் என் தேர்வு மெயில்டிராப்தான்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சீவுக்கு மாறினால், வெளி நிரலை அழைக்கும் விதிகளை என்ன செய்வது? எரிதச் (ஸ்பாம்) சோதனையும் அவற்றில் ஒன்று.

முதல் பதில் எழுதியவர்:
எரிதச் சோதனையை அஞ்சலைப் பெட்டியில் சேர்க்கும் கட்டத்தில் செய்யாதீர்கள். எரிதம் கண்டறியும் நிரலான ஆர்ஸ்பாம்டியை மில்டராக (அஞ்சல் வரும்போதே சோதிக்கும் வடிகட்டியாக) போஸ்ட்ஃபிக்ஸுடன் இணைத்தால், அனுப்பும் சர்வருடனான எஸ்எம்டிபி உரையாடல் முடிவதற்குள்ளேயே எரிதத்தை மறுத்துவிடலாம். ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பினால், முகவரி திருடப்பட்ட யாரோ ஒருவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஐயத்திற்குரியவற்றில் ஆர்ஸ்பாம்டி சேர்க்கும் தலைப்புவரியை (ஹெடர்) பார்த்து, அவற்றைத் தனிக் கோப்புறையில் இடுவது மட்டுமே சீவின் வேலையாக இருக்கட்டும். எஞ்சிய நிரல்களுக்குப் பிஜன்ஹோலின் எக்ஸ்ட்புரோகிராம்ஸ் செருகுநிரல் உண்டு. நிர்வாகி குறித்த அடைவில் உள்ளவற்றை மட்டுமே அது இயக்கும்.

மாறுவதற்கு முன், பழைய அஞ்சல்களைக் கொண்டு ஒவ்வொரு விதியையும் சீவ்-டெஸ்ட் கட்டளையில் ஓட்டிப் பாருங்கள். அது அஞ்சல் பெட்டியைத் தொடாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும். மாறும் நாட்களில் போஸ்ட்ஃபிக்ஸின் சாஃப்ட் பவுன்ஸ் அமைப்பை இயக்கி வைத்தால், அமைப்புப் பிழையால் நிரந்தரமாக மறுக்கப்பட வேண்டிய அஞ்சலும் வரிசையிலேயே காத்திருக்கும்.