சோழவரத்தில் ஓடிய ஆர்.டி. 350: ஏற்காட்டுக்குச் சட்டப்படி ஓட்டிப்போக வழி உண்டா?

சூரமங்கலம் செல்வா:
பெரியப்பாவின் ராஜ்தூத் 350 (யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவம்) என் கைக்கு வந்திருக்கிறது. 1984 மாடல், ஹை டார்க் (High Torque) ரகம். ரோட்டு வண்டியாகத்தான் வாங்கினார். அப்புறம் சோழவரம் ரேஸுக்காக மாற்றிவிட்டார். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன், கண்ணாடி, ஸ்பீடோமீட்டர் எதுவும் கிடையாது. சைலன்சர் இருந்த இடத்தில் வயிறு பெருத்த இரண்டு எக்ஸ்பான்ஷன் சேம்பர், அதாவது ரேஸ் புகைக்குழாய். ஆயில் பம்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டார்கள், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். சிலிண்டர் போர்ட்டையும் (பெட்ரோல் காற்றும் புகையும் போய்வரும் வாய்) ஃபைல், அதாவது அரம், போட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

பெரியப்பா இப்போது இல்லை. ஆர்.சி. புக் அவர் பெயரில் இருக்கிறது, 1999-ல் காலாவதி. பெரியம்மா "நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். என் ஆசை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏற்காடு ஏறி இறங்க வேண்டும், சட்டப்படி, வண்டி இப்போது இருக்கிற கோலத்திலேயே. வழி இருந்தால் சொல்லுங்கள்.

நாலு ரோடு நவீன்:
ரொம்ப சுலபம் அண்ணா. விண்டேஜ் பதிவு என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்களே, அதில் போட்டுவிடுங்கள். பழைய வண்டிக்கு லைட் இல்லை, இண்டிகேட்டர் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஃபாரம் 29:
நவீன் தம்பி, அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான். 1984 வண்டிக்கு 2034 வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் 'ஒரிஜினல் வடிவத்தில்' இருக்க வேண்டும் என்பது அதிலேயே நிபந்தனை. போர்ட் பெரிதாக்கி, பம்ப் கழற்றி, சேம்பர் மாட்டிய வண்டியை ஒரிஜினல் என்று எந்த பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுப்பார்?

அதற்கு மேலும் இருக்கிறது. புதிதாக விண்டேஜ் எண் வாங்க 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, மராமத்து மாதிரியான காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். ஞாயிறு காலையில் ஏற்காட்டில் காபி குடிக்கப் போவது அந்தப் பட்டியலில் இல்லை.

செல்வா, உங்கள் கையில் இருக்கிற ஒரே நல்ல சரக்கு அந்தப் பழைய புக்தான். அதை லேமினேட் கிமினேட் செய்துவிடாதீர்கள்.

ஒண்டிக்கடை காபி:
ஏற்காட்டில் குடியிருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அடிவாரத்தில் முறுக்கினால் மேலே தோட்டத்தில் நாய் குரைக்கிறது. மலையில் சத்தம் எங்கேயும் கரையாது, ஒரு மடிப்பில் மோதி அடுத்த மடிப்புக்கு வரும். காட்டெருமை ரோட்டோரம் மேய்கிற நேரமும் அதுதான். டூ ஸ்ட்ரோக் சேம்பர் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் பாயும் என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

சட்டமும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2), சத்தத்துக்கும் புகைக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

லேத்து பாலு:
ஒண்டிக்கடை சார் சொல்வது சத்தத்துக்குச் சரி, வண்டிக்கு அல்ல. ஒரிஜினல் சைலன்சர் போட்ட ஆர்.டி. இன்றைக்கு ஏற்காட்டுக்கு வருகிற பாதி புது பைக்கை விட அமைதியாகத்தான் போகும். முழுக்க வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லைங்க.

செல்வா தம்பிக்கு நான் சட்டம் சொல்லப் போவதில்லை, இன்ஜின் சொல்கிறேன். இப்போது இருக்கிற கோலத்தில் ஏற்காடு ஏறினால் என்ன ஆகும் தெரியுமா? அந்த சேம்பர் ஆறாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேலேதான் இழுக்கும். கொண்டை ஊசியில் ஃபர்ஸ்ட் கியரில் வேகம் செத்துப் போகும்போது கீழே ஒன்றுமே இருக்காது, கிளட்சை அரைத்து அரைத்துத்தான் திரும்பணும். இருபது வளைவு இருக்கிறது. மேலே போகப் போக காற்று பத்து சதவீதத்துக்கு மேல் லேசாகிவிடும், கார்புரேட்டரில் பெட்ரோல் விடுகிற அதே ஜெட்டில் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுத்து அடைத்துக்கொள்ளும். சரி, மேலே இருக்கிற காற்றுக்குத் தோதாக ஜெட்டைச் சின்னது செய்தால், கீழே வந்து முறுக்கும்போது லீனாகி, அதாவது பெட்ரோல் போதாமல், பிஸ்டன் சூடாகும்.

இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி இன்ஜினில் பிடித்துக்கொண்டு வந்தால், இன்ஜின் ஐயாயிரத்தில் சுற்றும், பெட்ரோல் போகாது, ஆயிலும் போகாது. அப்படியே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் நின்றுவிடும். கிளட்சில் விரல் இல்லையென்றால் ஆள் கீழே. ரேஸ் டிராக்கில் இவ்வளவு நீள இறக்கம் கிடையாது, அதனால் பம்ப் இல்லாமல் சமாளித்தார்கள். கம்பெனி வைத்த ஆட்டோலூப் பம்ப் இன்ஜின் சுற்றுக்கும் சேர்த்து ஆயில் விடும், ஆக்சிலேட்டர் மூடியிருந்தாலும் கொஞ்சம் சொட்டும். முதலில் அந்தப் பம்பைத் தேடிப் பிடியுங்கள். பிரேக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆர்.டி.க்கு முன்னால் டிஸ்க், நம்ம ராஜ்தூத்துக்கு டிரம்.

பர்மிங்காம் அஸ்தம்பட்டியான்:
நான் இருக்கிற ஊரில் செய்த மேங்க்ஸ் நார்ட்டன் என்ற வண்டி ரேஸுக்காகவே பிறந்தது. அதற்கே பதிவு எண் வாங்கி ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். லைட்டே பொருத்தாத வண்டியைப் பகலில் ஓட்டலாம். 40 வருஷம் தாண்டி, கடைசி 30 வருஷத்தில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு வருடாந்திர எம்.ஓ.டி. சோதனையும் 2018-லிருந்து கட்டாயமில்லை. பழைய வண்டி வைத்திருக்கிறவனை இங்கே குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. நம் ஊரில் மட்டும் ஏன் இப்படி?

ஃபாரம் 29:
அங்கே சைலன்சர் இல்லாமல் விடுவார்களா? இன்சூரன்ஸ் இல்லாமல்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பர்மிங்காம் அஸ்தம்பட்டியான்:
சைலன்சர், ஹார்ன், இன்சூரன்ஸ் எல்லாம் இங்கேயும் வேண்டும், மறுக்கவில்லை. நான் சொல்வது, ரேஸ் வண்டிக்கென்று ஒரு கதவை இங்கே திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

நாலு ரோடு நவீன்:
எதற்கு இவ்வளவு? சேலம் லீ பஜார் பக்கம் கேட்டால் செத்துப்போன ஆர்.டி.யின் புக் ஒன்று கிடைக்காதா? அந்த நம்பரை இதில் போட்டுவிட்டால் முடிந்தது.

ஃபாரம் 29:
முடிந்தது வண்டி இல்லை, நீங்கள். சேஸ் நம்பரைத் தட்டி மாற்றுவது ஃபைனோடு போகிற விஷயம் இல்லை, மோசடி வழக்கு. சொந்த புக் கையில் இருக்கிறவருக்கு இந்த யோசனை எதற்கு?

செல்வா, உங்கள் வழி இதுதான். நீங்கள் அவருக்குத் தம்பி பிள்ளையோ கொழுந்தியாள் பிள்ளையோ, நேரடி வாரிசு இல்லை. அதனால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கி, ஃபாரம் 31-ல் முதலில் பெரியம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். அப்புறம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. பதிவைப் புதுப்பிக்க ஃபாரம் 25. பேப்பர் புக் என்பதால் முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள், அது ஏறாமல் எதுவும் நகராது. பசுமை வரியும் தாமதத்துக்கான தொகையும் தனி. புதுப்பித்தால் ஐந்து வருஷம் ஓட்டலாம்.

ஆனால் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்கும்போது அது புக்கில் இருக்கிற வண்டியாக இருக்க வேண்டும். சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் பென்சில் தேய்த்துப் படி எடுப்பார்கள். ரேஸில் ஓடிய வண்டிகளில் நம்பர் பொறித்த கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) உடைந்து வேறு இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் மேலே பேசியதெல்லாம் வீண்.

சூரமங்கலம் செல்வா:
பார்த்துவிட்டேன். ஸ்டியரிங் கழுத்தில் சிவப்பு, அதற்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே கம்பெனி பெயிண்ட். தின்னர் நனைத்த துணியால் தேய்த்ததும் சேஸ் நம்பர் தெளிவாக வந்தது. இன்ஜின் நம்பரில் ஒரு எழுத்து மட்டும் உளி பட்டு மழுங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் புக்கோடு ஒத்துப்போகிறது.

ஒரு சந்தேகம். லைட், சைலன்சர், பம்ப் எல்லாம் திரும்ப மாட்டிவிடுகிறேன். போர்ட் செய்த சிலிண்டரை அப்படியே விட்டால் சட்டப்படி தப்பா? வெளியே தெரியாதே.

லேத்து பாலு:
தப்பில்லை என்பேன். பிரிவு 52-ல் 'மாற்றம்' என்றால் வண்டியின் அமைப்பு மாறி அதன் அடிப்படை அம்சம் மாறுவது என்றுதான் விளக்கம் இருக்கிறது. சி.சி. அதே 347, சிலிண்டர் அதே கம்பெனி சிலிண்டர். உள்ளே இரண்டு மில்லிமீட்டர் ஃபைல் போட்டது அமைப்பு மாற்றமா?

ஃபாரம் 29:
பாலு அண்ணா, அந்த வாதத்தை நானும் பத்து வருஷம் முன்னால் சொல்லியிருப்பேன். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ வந்தது, உரிமையாளரே மாற்றினாலும் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஃபைல் போட்டதை ரோட்டில் யாரும் பிடிக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் செல்வா கேட்டது 'பிடிபடுவேனா' என்று இல்லையே.

புகைச் சான்றிதழும் பாக்கி நிற்கிறது. 2000-க்கு முந்தைய டூ வீலருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். தாராளமான அளவுதான். ரேஸ் ஜெட்டில் ஐட்லிங்கே நிற்காத வண்டி அதில் தேறுமா என்று பாருங்கள்.

முழங்கால் தேய்த்தவன்:
இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். எல்லாரும் சேர்ந்து ஒரு ரேஸ் வண்டியைக் கொலை செய்ய நாள் குறித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சோழவரம் என்பது பழைய விமான ஓடுதளம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் திறந்த பிறகு அந்தக் காலமே முடிந்துவிட்டது. அங்கே ஓடி, அதே கோலத்தில் மிஞ்சியிருக்கிற வண்டிகள் எத்தனை? பெரும்பாலானதை இப்படித்தான் ஹெட்லைட் டூம் மாட்டி, இண்டிகேட்டர் மாட்டி, குரோம் பூசி, கல்யாண ஊர்வலத்துக்குத் தயார் செய்துவிட்டார்கள். ஸ்டாக் ஆர்.டி. வேண்டுமென்றால் பணம் கொடுத்தால் கிடைக்கும். அந்தப் பெரியவர் கைப்பட ஃபைல் போட்ட சிலிண்டர் எங்கே கிடைக்கும்?

குட்டி யானையில் ஏற்றிக் கோயம்புத்தூர் கொண்டுபோங்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக் நாள் கேட்டுப் பணம் கட்டி ஓட்டுங்கள். லைட்டும் வேண்டாம், ஆர்.சி.யும் வேண்டாம், இன்ஸ்பெக்டரும் வேண்டாம். எட்டாயிரம் ஆர்.பி.எம்.மில் அது என்ன பேசும் என்று கேளுங்கள். ஏற்காட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் டூரிஸ்ட் வேனுக்குப் பின்னால் உருட்டுவதற்கா அவர் அதைச் செய்தார்?

ஒண்டிக்கடை காபி:
இதற்கு என் முழு ஆதரவு. வண்டியும் பிழைக்கும், நாங்களும் தூங்குவோம்.

லேத்து பாலு:
கொலை என்பதெல்லாம் பெரிய வார்த்தை. ஆர்.டி.யில் சிலிண்டர், ஹெட், சேம்பர் எல்லாம் ஒரு மதியத்தில் கழன்று வரும். ரோட்டுக்கு வேறு ஒரு ஜோடி கம்பெனி சிலிண்டர் போடட்டும். ரேஸ் சாமானை ஆயில் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கட்டும். டிராக்குக்குப் போகிற அன்றைக்குத் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும். ஓடாமல் ஷெட்டில் நிற்கிற வண்டியில்தான் கிராங்க் சீல் காய்ந்து வெடிக்கும்.

முழங்கால் தேய்த்தவன்:
மதியத்தில் கழற்றலாம், ஒத்துக்கொள்கிறேன். எத்தனை பேர் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்? பெட்டியில் போன சாமான் பெட்டியிலேயே விலை போகும். ரோட்டு வேலைக்கு ஃபிரேமில் பிராக்கெட் வெல்டிங் வைப்பார்கள், அதை எந்த மதியத்தில் கழற்றுவீர்கள்?

ஃபாரம் 29:
ஃபிரேமில் கம்பெனி பிராக்கெட் இருக்கிறதா, அறுத்துவிட்டார்களா என்று செல்வா முதலில் சொல்லட்டும். இருந்தால் வெல்டிங் வேலையே இல்லை.

நவீனுக்கும் சேர்த்து ஒன்று. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியால் வளைவில் ஒருவருக்குக் கால் போனால், 2,000 ரூபாய் அபராதத்தோடு முடியாது. விபத்து தீர்ப்பாயம் சொல்கிற இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில். புக் இப்போது பெரியப்பா பெயரில் இருப்பதால் கோர்ட் நோட்டீஸ் பெரியம்மா வீட்டுக்குத்தான் முதலில் போகும். பெயர் மாறி, புதுப்பித்து, தேர்ட் பார்ட்டி எடுக்கும் வரை தெருமுனை வரைகூட வேண்டாம்.

சூரமங்கலம் செல்வா:
ஹெட்லைட் பிராக்கெட் போயிருக்கிறது, அது ஃபோர்க்கில் மாட்டுவதுதான். ஃபிரேமில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கிறது, பின் மட்கார்டு தாங்கி உட்பட. பெரியம்மாவிடம் பேசினேன். வாரிசுச் சான்று ஏற்கெனவே வாங்கியிருக்கிறாராம், அக்காவும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறாள்.

பாலு அண்ணா சொன்ன வழியில் போகிறேன். ரேஸ் சிலிண்டரை விற்க மாட்டேன். ஆட்டோலூப் பம்பும் ஒரு ஜோடி ஸ்டாண்டர்ட் சிலிண்டரும் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். டூப்ளிகேட் சைலன்சர் வேண்டாம்.

முழங்கால் தேய்த்தவன்:
பம்ப் என்னிடம் ஒன்று இருக்கிறது. கேபிளோடு தருகிறேன். காசு வேண்டாம், அந்த சேம்பரை எனக்கு ஒரு டிராக் நாளுக்கு இரவல் கொடுத்தால் போதும்.

ஒண்டிக்கடை காபி:
சைலன்சர் மாட்டியதும் நம்பரை இங்கே போடுங்கள் செல்வா. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டால் உங்களதா, மற்றவர்களதா என்று பார்த்துவிட்டுத்தான் புகார் கொடுப்பேன்.