இடைக்கால என்.பி.டி. (புதுப் பொருள் உருவாக்கம்) மேனேஜராக இருந்தவர்கள் வாருங்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்

கம்பு_முறுக்கு

மகப்பேறு விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக 26 வாரத்துக்கு என்று ஒரு நொறுக்குத்தீனி கம்பெனியில் சேர்ந்தேன். ஊர், பேர் வேண்டாம். சேரும்போதே சிறுதானிய முறுக்கு சந்தைக்குப் போகும் கட்டத்தில் இருந்தது. ருசி ஓகே, ஷெல்ஃப் லைஃப் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது, பாக்கெட்டுக்கான லாமினேட் ரோல் பிரின்ட் ஆகி வந்து இறங்கியாயிற்று. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘குளூட்டன் ஃப்ரீ’, அதாவது கோதுமையில் இருக்கிற குளூட்டன் புரதம் இதில் இல்லை என்று.

வேறு எதற்கோ ஸ்டோருக்குப் போனபோது பெருங்காய டப்பா கண்ணில் பட்டது. ஸ்டோர் அண்ணன் துண்டால் மாவுத் தூசியைத் துடைத்துக் கொடுத்தார். பொருட்கள் பட்டியலில் முதலில் கோதுமை மாவு, அடுத்து கோந்து, அப்புறம்தான் பெருங்காயம். கூட்டுப் பெருங்காயம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி மகனிடம் போனேன். “கிலோவுக்கு ரெண்டு கிராம் காயம் போடுறோம் சார், அதுல என்ன கோதுமை இருந்துடப் போகுது?” என்றார். அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். 2 கிராம் காயத்தில் பாதி மாவு என்று வைத்தால் 1 கிராம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு புரதம், அதில் பெரும்பகுதி குளூட்டன். ஒரு கிலோ முறுக்குக்கு சுமார் 80 மில்லிகிராம் வருகிறது. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விடுகிற உச்சவரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

தாளைப் பார்த்தார். பதில் பேசவில்லை. பேனா மூடியைக் கழற்றி, ஆர்ட்வொர்க் (பாக்கெட் டிசைன்) அப்ரூவல் தாளில் என் பெயர் இருந்த கட்டத்தின் மேல் பேனாவை வைத்தார். “நீங்க ஆறு மாசத்துல கிளம்பிடுவீங்க. மேடம் வந்து பாத்துக்குவாங்க.”

அந்தப் பேனாதான் இன்னும் உறுத்துகிறது.

ஈரோடு_தம்பி

நம்முடையது பாக்கெட் இட்லி மாவு. பழைய மேனேஜர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார், ஆள் கிடைக்கும்வரை நான். சித்திரை வெயிலில் பாக்கெட் உப்பி உப்பித் திரும்பி வந்தது. புது உளுந்து, அதனால்தான் புளிக்கிறது, ஃபார்முலாவை மாத்துங்க என்று முதலாளி பிடிவாதம். அரைக்கிற அக்கா மட்டும் “மாவுல ஒண்ணும் இல்ல தம்பி, கடையப் போய்ப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதிகமாக ரிட்டர்ன் வந்த கடைக்கு எதிரே விடிகாலையில் போய் நின்றேன். ஷட்டரைத் தூக்கியதும் கடைக்காரர் செய்த முதல் வேலை, ஃபிரிட்ஜ் பிளக்கைச் சொருகியதுதான். சாமி படத்துக்குப் பூகூட அப்புறம்தான். ராத்திரி முழுக்க கரண்ட் மிச்சம் பிடித்திருக்கிறார். குளிர் இல்லாமல் மாவு தன் பாட்டுக்குப் புளித்து, வாயு விட்டு, பாக்கெட்டை ஊதியிருக்கிறது.

ரோல்_ராஜா

கம்பு_முறுக்கு சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் இவ்வளவு நாடகம் எதற்கு? நான் பேக்கேஜிங் ஆள். பிரின்ட் சிலிண்டர் ஒவ்வொரு கலருக்கும் தனி, ரோலுக்கு மினிமம் ஆர்டர் உண்டு, அடித்த ரோலைத் தூக்கிப் போடு என்றால் எந்த முதலாளிக்கும் வயிறு எரியும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. அதை வாங்கினால் ரோலும் மிச்சம், சண்டையும் மிச்சம். இடைக்காலமாக வருகிறவர்களிடம் இது ஒரு பிரச்சினை. வந்த வேகத்தில் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

என் அனுபவம்: இடைக்கால மேனேஜர் ஒருவர் சுருக்கு எழுத்தில் அனுப்பிய பொருட்கள் பட்டியலை அப்படியே அடித்துவிட்டோம். ஆள் போய்விட்டார். வீணான ரோலின் பில் மட்டும் எங்கள் மேசையில் கிடந்தது.

ஓய்வுபெற்ற_க்யூ.ஏ.

ராஜா தம்பி, காயத்தை மாற்றினால் போதும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அதே மிக்சரில், அதே எண்ணெயில் மைதா அயிட்டம் ஓடுகிறதா என்று கேட்டீர்களா?

என் கதை சின்னது. ஊறுகாய் கம்பெனியில் தற்காலிகமாக இருந்தபோது உப்பையும் புளிப்பையும் குறைத்து ‘லைட்’ மாங்காய் செய்யச் சொன்னார்கள். புளிப்பைக் காட்டும் பி.எச். 4.6-ஐத் தாண்டியது, அதற்கு மேல் போனால் ஆபத்தான கிருமி வளரலாம். நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். சேருவதற்கு முன்பே, ஆர்ட்வொர்க்கிலும் ஃபார்முலாவிலும் யார் கையெழுத்து என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது செல்லாது. ஃபார்ம் 9 என்று ஒன்றை நீட்டுவார்கள், உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான நாமினி நீங்கள்தான் என்று. ஆறு மாத ஆள் அதில் கையெழுத்துப் போடக் கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. முதல் வாரத்தில் ஆர் அண்ட் டி பக்கம் போவதற்கு முன்னால் புகார் நோட்டைப் படியுங்கள், கம்பெனியின் ஜாதகமே அதில்தான் இருக்கிறது. சப்ளையர் ஸ்பெக் (மூலப்பொருளின் தர விவரத் தாள்) எந்த வருடத்துது என்று தேதியைப் பாருங்கள். ரிடென்ஷன் சாம்பிளை (ஒவ்வொரு பேட்ச்சிலும் எடுத்து வைத்த பாக்கெட்டை) பிரித்து வாயில் போட்டுப் பாருங்கள், எண்ணெய் காறியிருந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும். 40 டிகிரியில் வைத்த துரித சோதனையை மட்டும் நம்பி ஆறு மாதம் என்று தேதி போடாதீர்கள், சாதாரண வெப்பநிலை சாம்பிளும் கூடவே ஓட வேண்டும். ஃபார்முலா யார் போனில் இருக்கிறது என்று விசாரியுங்கள். சிரிக்காதீர்கள், பல இடங்களில் அது போனில்தான் இருக்கிறது. கடைசியாக, மறுத்த விஷயம் எதுவானாலும் அன்றைக்கே மெயிலில் எழுதிவிடுங்கள்.

லெஸ்டர்_லதா

ஐயா சொன்னது நீளம், ஆனால் ஃபார்ம் 9 விஷயம் முக்கியம்.

நான் இங்கிலாந்தில் ஒரு ரெடி மீல் தொழிற்சாலையில் இடைக்காலமாக இருந்தபோதுதான் 2024 செப்டம்பர் எச்சரிக்கை வந்தது. இந்தியாவிலிருந்து வந்த கடுகில் வேர்க்கடலை கலந்திருக்கலாம், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கடுகு சேர்ந்த எதையும் தவிர்க்கவும் என்று இங்குள்ள உணவுத் தர அமைப்பான எஃப்.எஸ்.ஏ. சொல்லிவிட்டது. கடுகு இங்கே லேபிளில் காட்ட வேண்டிய 14 அலர்ஜன்களில் ஒன்று, அதனால் கடுகைக் காட்டியிருந்தோம். கடலையை யார் காட்டியிருப்பார்கள்?

மீட்டிங்கில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பார், தாளிப்பு, கடுகு என்றால் லதாதானே! பட்டியல் எடுத்துப் பார்த்தால் கடுகு கூடுதலாகப் போனது அவர்களுடைய சாண்ட்விச் மயோனைஸிலும் சாலட் டிரெஸ்ஸிங்கிலும். அந்த ஷீட்டைத் திரையில் போட்டதும் தலைமை செஃப் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கம்பு_முறுக்கு

ராஜா சார், அரிசி மாவுக் காயத்தைத்தான் நானும் முதலில் சொன்னேன். க்யூ.ஏ. ஐயா கேட்டதுதான் முட்டுக்கட்டை: அதே ஃப்ரையரில் காலை ஷிஃப்ட் மைதா பிஸ்கோத்து ஓடுகிறது. சாம்பிளை லேபில் கொடுத்து ஆர்5 எலிசா (குளூட்டன் அளக்கும் சோதனை) பார்க்காமல் போட மாட்டேன் என்று மெயில் அனுப்பினேன், பேனாவைத் தொடவில்லை. பிறகு அந்த வரி இல்லாமல் வேறு ரோல் அடித்தார்கள். என்னோடு பேசுவது நின்றுபோயிற்று. சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது.

ஈரோடு_தம்பி, கடைக்காரரிடம் என்ன சொன்னீர்கள்?

ஈரோடு_தம்பி

சண்டை போடவில்லை அண்ணே. அவர் கரண்ட் பில்லைக் காட்டுகிறார், என்ன பேச? அந்த லைனில் சாயங்கால டெலிவரியைக் காலைக்கு மாற்றி, அன்றன்றைக்கு விற்கிற அளவு மட்டும் இறக்கினோம். ரிட்டர்ன் குறைந்தது. நிரந்தர மேனேஜர் வந்ததும் டீசல் கணக்கைப் பார்த்துவிட்டு மறுபடி சாயங்காலத்துக்கே மாற்றிவிட்டாராம். இப்போது உளுந்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.