ராயபுரம் ரயில் நிலையம்: மறக்க முடியாத ஒரு கணம்

மாதா கோயில் தெருவாசி:
சென்ற மாதம் மின்சார ரயிலிலிருந்து இறங்கியபோது, பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுமி அந்த உயர்ந்த தூண்களைக் காட்டி, "அங்கிள், இது கோயிலா?" என்று கேட்டாள். "இல்லம்மா, பழைய ஸ்டேஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு நிலையம் வரை ஓடியது என்று சொல்ல அரை நிமிடம் போதும். முப்பது ஆண்டுகளாக இங்கேயே குடியிருக்கும் எனக்கு அது அப்போது வாயில் வரவில்லை.

காசிமேட்டுப் பிள்ளை:
என் அம்மா மீன் விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஒரு விடியற்காலையில் வண்டிக்காக நின்றிருந்தோம். இராயப்பர் தேவாலய மணி கேட்டது. பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியதும், அம்மா ஒன்றும் பேசாமல் குனிந்து, கூடையிலிருந்து கல்தரையில் சொட்டிய ஐஸ் தண்ணீரைத் தம் முந்தானையால் துடைத்தார். அந்த ஈரமான முந்தானையோடுதான் அன்று முழுவதும் வியாபாரம் செய்தார். அந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முந்தானைதான் நினைவுக்கு வருகிறது.

பழைய வண்ணாரப்பேட்டை:
2005இல் செப்பனிடுவதற்கு முன் அக்கட்டடம் பாழடைந்து கிடந்ததைப் பார்த்து வருந்தியவன் நான். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் முதல் பதிவில் ஒரு திருத்தம் அவசியம். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் நிலையத்தைத் திறந்துவைத்த நாள் ஜூன் 28. ஜூலை 1 என்பது பொதுமக்களுக்கான போக்குவரத்து தொடங்கிய நாள். இந்தியாவின் முதல் ரயில் என்றும் குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1853இல் பம்பாய்–தானே, 1854இல் ஹவுரா–ஹூக்ளி ஆகிய தடங்கள் நமக்கு முந்தியவை. பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் இல்லாத வேளையில் அழைத்துச் செல்லுங்கள்; படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் இறங்க விடாதீர்கள். 1873இல் சென்ட்ரல் வந்த பிறகு வெளியூர் வண்டிகள் படிப்படியாக அங்கே மாறியதையும், 1922இல் ரயில்வேயின் தலைமை அலுவலகமும் இங்கிருந்து போய்விட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான், இவ்வளவு பெரிய கட்டடத்தின் முன் இன்று புறநகர் வண்டிகள் மட்டும் நின்று போவது ஏன் என்று அவர்களுக்குப் புரியும்.

மாதா கோயில் தெருவாசி:
ஐயா, நான் தென்னிந்தியா என்றுதான் எழுதியிருந்தேன்; தயவுசெய்து மீண்டும் படித்துப் பாருங்கள். ஜூன் 28 பற்றிய தகவலுக்கு நன்றி. காசிமேட்டுத் தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்த பிறகு வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை. நேற்று அதே நேரத்து வண்டியில் வந்து இறங்கி, அடுத்த இரண்டு வண்டிகள் போகும்வரை தூண்கள் பக்கம் பார்த்தபடி நின்றேன். அந்தச் சிறுமி வரவில்லை. நாளையும் போவேன்.