பைக் முன் ஃபோர்க்கில் புது ஸ்பிரிங், சேக் (ஆள் உட்கார்ந்தா இறங்கும் அளவு) 18 மி.மீ.தான்

ஈசூன்_2பி: கெட்டியான ஸ்பிரிங் மாட்டியாச்சு, ஸ்பேசர் (ஸ்பிரிங் மேல உட்காரும் குழாய்) பழசு. டிராவல் (ஃபோர்க் மொத்தமா அமுங்கும் தூரம்) 120 மி.மீ. உட்கார்ந்தா 18தான் இறங்குது. கார்பார்க் ஹம்ப்ல கை அதிருது. எண்ணெய் மாத்தணுமா அண்ணே?

கிராஞ்சி_காற்று: எண்ணெய் அப்புறம். ஸ்பேசர் நீளம்தான் காரணம். ஆளோட 30 முதல் 40 மி.மீ. இறங்கணும். ரெண்டு ஃபோர்க் காலிலும் ஸ்பேசரை 14 மி.மீ. வெட்டுங்க, சேக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடி 32 வரும். வெட்டு நேரா இருக்கணும், சாய்ஞ்சா ஸ்பிரிங் குழாயில உரசும். ஃபோர்க் மூடியைக் கொஞ்சமாவது அமுக்கித்தான் திருகணும். தானா உட்கார்ந்தா ப்ரீலோடே (ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே தர்ற அமுக்கம்) இல்ல, ஸ்பிரிங் உங்க எடைக்கு ரொம்பக் கெட்டி.

ஈசூன்_2பி: அளக்கும்போது தடவைக்குத் தடவை 5 மி.மீ. மாறுதே?

கிராஞ்சி_காற்று: சீல் உராய்வு. அமுக்கி மெதுவா விட்டு ஒண்ணு, தூக்கி மெதுவா விட்டு ஒண்ணு, ரெண்டுக்கும் சராசரி. ஹெல்மெட், ஜாக்கெட், ஜொகூர் போற பையோட அளங்க.

பழைய_ஸ்பேனர்: ஒண்ணு விட்டுட்டீங்க. ஸ்பிரிங் கெட்டியானா ரீபவுண்ட் தடுப்பும் (ஃபோர்க் திரும்ப எழும்பும் வேகத்தைக் குறைப்பது) கூட்டணும். அமுக்கி விட்டா ஒரே தடவை எழும்பி நிக்கணும். துள்ளினா, அட்ஜஸ்டர் இல்லாத ஃபோர்க்குக்கு 10 டபிள்யூ எண்ணெயிலிருந்து இன்னும் கெட்டியான 15 டபிள்யூவுக்கு மாத்துங்க. எண்ணெய் மட்டத்தை ஸ்பிரிங் எடுத்துட்டு, ஃபோர்க்கை முழுசா அமுக்கி அளங்க.