பிறர் வரைந்த ஓவியங்களை விற்றுக்கொடுத்துத் தரகு பெறுவது: எப்படித் தொடங்குவது?

வினா – கடைசி வரிசை

வணக்கம். எனக்கு வரையத் தெரியாது. ஆனால் வரைகிறவர்களையும், வீட்டுச் சுவருக்கோ அலுவலக வரவேற்பறைக்கோ நல்ல ஓவியம் தேடுகிறவர்களையும் ஓரளவு தெரியும். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் எண்ணெய் வண்ண ஓவியங்கள் மூன்றை விற்றுக்கொடுத்தேன். முதல் இரண்டும் விற்றபோது அவராகவே ஒரு தொகையைக் கையில் வைத்தார். மூன்றாவது விற்றபோது நன்றி சொன்னதோடு சரி. வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது; கேட்காமல் விட்டது இன்றுவரை உறுத்துகிறது. இப்போது அவர் சொல்லி வேறு சில ஓவியர்களும் தங்கள் படைப்புகளை விற்றுத் தருமாறு கேட்கிறார்கள். இதை முறையான வருமானமாக்க விரும்புகிறேன். எவ்வளவு தரகு கேட்பது நியாயம்? ஓவியர் தமக்கு வேண்டிய விலையைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் நான் வைத்து விற்கும் தொகையை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா? அறிமுகமான பிறகு, வாங்குபவர் என்னை விட்டுவிட்டு நேரே ஓவியரிடம் போய்விட்டால் என்ன செய்வது?

பதில் – பழைய சட்டகம்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை காணுங்கள். மற்றவை அதைத் தொடர்ந்து தெளிவாகும். நீங்கள் ஓவியருக்காக விற்கிறீர்களா, வாங்குபவருக்காகத் தேடித்தருகிறீர்களா, சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கி விற்கிறீர்களா? சொந்தப் பணம் போட்டவர் வியாபாரி. அவர் தம் விருப்பப்படி விலை வைக்கலாம், ஏனெனில் விற்காவிட்டால் முடங்குவது அவருடைய முதல். பாரிஸில் பால் துராண்-ருயேல் என்ற ஓவிய வியாபாரி 1870களில் மோனே, ரெனுவார் போன்றோரின் ஓவியங்களை யாரும் சீந்தாத காலத்தில் வாங்கி அடுக்கிக் கடனில் மூழ்கினார்; 1886ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடத்திய கண்காட்சிக்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்த ஆபத்தை ஏற்காதவர் தரகர். ஏற்காத ஆபத்துக்கு உரிய இலாபத்தை மறைத்து எடுப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை.

இந்த எல்லை மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமே உண்டு. லியொனார்டோ டா வின்சியின் படைப்பாகக் கருதப்படும் ‘சால்வடோர் முண்டி’யை 2013இல் இவ் பூவியே என்பவர் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி, ரஷ்யச் செல்வந்தர் திமித்ரி ரிபோலோவ்லெவுக்கு 12.75 கோடி டாலருக்கு விற்றார். பூவியே என் தரகராகவே செயல்பட்டார் என்றார் ரிபோலோவ்லெவ். நான் வியாபாரி, என் விலைக்கு விற்றேன் என்றார் பூவியே. 2015இல் வெடித்த இந்தச் சண்டை பல நாட்டு நீதிமன்றங்களில் அலைந்து, 2023இல்தான் சமரசத்துக்கு வந்தது. தொகை சிறியதானாலும் மனத்தாங்கல் இதே வகையில்தான் வரும்.

“எனக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே வருவது உங்களுடையது” என்று ஓவியரே எழுதிக் கொடுத்தால் அது வேறு. ஆனாலும் நான் அதைச் செய்வதில்லை, ஏனென்றால் அதே அளவுள்ள இன்னோர் ஓவியத்தை அவர் தம் இணையப் பக்கத்தில் குறைந்த விலைக்குப் போட்டிருப்பதை வாங்கியவர் என்றாவது ஒரு நாள் பார்ப்பார். அன்றோடு இருவரும் உங்களுக்கு இல்லை.

தரகைப் பொறுத்தவரை, இடமும் விளக்கும் திறப்பு விழாவும் தரும் கேலரிகள் பொதுவாக விலையில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. உங்களுக்கு வாடகைச் செலவு இல்லை என்பதால் 15 முதல் 25 விழுக்காடு கேட்பது பொருந்தும். விழுக்காட்டைவிட, அதை எந்தத் தொகையின் மீது கணக்கிடுவது என்பதில்தான் தகராறு வரும். சட்டகச் செலவைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? வாங்குபவர் பேரம் பேசிக் குறைத்தால் அந்தக் குறைவு யார் பங்கில் இறங்கும்? முதல் ஓவியத்தைக் கையில் வாங்கும் முன்பே இவற்றைப் பேசி முடித்துவிடுங்கள்.

பதில் – உலராத வண்ணம்

நான் வரைகிறவள், எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்காக விற்க முன்வந்த ஒருவரிடம் ஆறு ஓவியங்களைக் கொடுத்தேன். ரசீது வாங்கவில்லை. ஏழு மாதம் கழித்து நான்கு திரும்பின. ஒன்று விற்றதாகச் சொன்னார், ஆறாவதைப் பற்றி அவருக்கே நினைவில்லை. திரும்பியவற்றில் ஒன்றின் நீல வானம் முழுவதும் வரிசை வரிசையாகச் சிறு வட்டங்கள்! குமிழி உறையை வண்ணப் பரப்பின் மேல் நேரடியாகச் சுற்றி, வெயிலில் நின்ற வண்டிக்குள் வைத்திருக்கிறார். அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும், ஒட்டிக்கொள்ளும். முதலில் கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாளைப் போட்டு, அதன் மேல்தான் குமிழி உறையைச் சுற்ற வேண்டும். ஓவியத்தைச் சட்டகத்திலிருந்து கழற்றிச் சுருட்ட நேர்ந்தால், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி அகலமான குழாயில் சுற்றுவதே முறை. உட்புறமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிபட்டு விரிசல் விடும். எண்ணெய் வண்ணம் தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுக மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ஒரு படைப்பைப் பெறும்போதே தலைப்பு, அளவு, ஊடகம், வரைந்த ஆண்டு, ஒப்புக்கொண்ட விலை, திருப்பித்தரும் நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முன்புறத்தையும் பின்புறத்தையும் நான்கு மூலைகளையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். விற்கும்வரை ஓவியம் எங்களுடையது, வழியில் சேதமானால் இழப்பு இன்னாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். விற்ற பணம் உங்கள் கணக்குக்கு வந்தால், எங்கள் பங்கை எத்தனை நாளில் தருவீர்கள் என்றும் எழுதுங்கள். இவ்வளவும் செய்யும் தரகருக்கு நான் 30 விழுக்காடு வேண்டுமானாலும் தருவேன்.

வாங்குபவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓவியத்தை வாங்குவதால் அதன் பதிப்புரிமை தானாகக் கைமாறுவதில்லை. அதை நாட்காட்டியில் அச்சிட்டு விற்க விரும்பினால், ஓவியரிடம் தனியாக அனுமதி பெற வேண்டும்.

பதில் – ஈசல்

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். வாங்குபவர் நேரே போவதை உங்களால் தடுக்க முடியாது. தடுக்க முயன்று தொடர்பு எண்ணை மறைக்கிற தரகரை ஓவியரும் நம்ப மாட்டார். அதற்குப் பதில், நீங்கள் அறிமுகப்படுத்தியவர் அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த ஓவியரிடம் எதை வாங்கினாலும் தரகு உண்டு என்று ஓவியரோடு எழுதிக்கொள்ளுங்கள். அறிமுகம் செய்த அன்றே இருவருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் அதுவே சாட்சி. ஓராண்டு, ஈராண்டு என்று நீட்டிக் கேட்பவர்களும் உண்டு. எனக்கு அது பேராசையாகத் தெரிகிறது.

இன்னொன்று. உயிரோடு இருக்கும் ஓவியரிடமிருந்து நேரே பெற்றால் போலி பற்றிய கவலை இல்லை. யாரோ வைத்திருக்கும் பழைய ஓவியத்தை மறுவிற்பனை செய்துதரக் கேட்டால், அது யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாற்றைப் பார்க்காமல் தொடாதீர்கள். ஓவியருக்கு மறுவிற்பனையிலும் பங்கு தரும் சட்டம் உள்ள நாடுகளில் தரகருக்கும் பொறுப்பு வரலாம். பிரான்ஸ் 1920இலேயே அந்தச் சட்டத்தை இயற்றியது. பிரிட்டனில் 2006 முதல் நடப்பில் இருக்கிறது, அங்கே விற்பவரோடு அவருடைய தரகரும் அந்தத் தொகைக்குப் பொறுப்பாளி.

கேட்டவரின் மறுமொழி – கடைசி வரிசை

அனைவருக்கும் நன்றி. மேல்வைத்து விற்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஓவியர் பக்கம் நிற்பவனாக, 20 விழுக்காடு, சட்டகச் செலவு கழித்த தொகையில் என்று எழுதியிருக்கிறேன். நண்பரிடம் மூன்றாவது ஓவியத்துக்கான பழைய பங்கை இப்போது கேட்பது சரியாகுமா?

பதில் – பழைய சட்டகம்

கேட்காதீர்கள். பேசாத தரகு கடன் ஆகாது. நான்காவது ஓவியத்தை அவர் எடுத்து வரும்போது, அந்த ஒப்பந்தத் தாளை முதலில் அவரிடமே நீட்டுங்கள்.